காக்கிக் கவரைத் திறந்தவங்க

ஸ்கூல் அட்மிஷன் பாரத்துல பதினேழாவது கட்டம் அது. "குழந்தைக்கு உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?"ன்னு கேட்டிருந்தாங்க. நான் ஒரு நொடிகூட ரோசனை பண்ணலீங்க. "இல்லை"ன்னு எழுதி, பாக்கறவங்களுக்குச் சந்தேகமே வரக்கூடாதுன்னு அடியில ஒரு கோடும் இழுத்துப்போட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த என்ற சம்சாரம் மேசைக்கு அடியில என் காலை மிதிச்சா. நான் காலை நகர்த்தி வச்சுட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிட்டேன்.

மகளுக்கு அப்பப் பதினோரு வயசு. ஆறாம் வகுப்புல சேக்கப் போயிருந்தோம். ஒம்போது வயசுலயே அவளுக்கு வலிப்பு வந்திருச்சு. கோயமுத்தூருல நரம்பு டாக்டரைப் பாத்து, வெடியால ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணுன்னு மாத்திரை ஓடிட்டிருந்தது. டாக்டர் மூணு விஷயம் சொல்லியிருந்தாரு. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, ஸ்கூல்ல சொல்லி வைக்கோணும். முதல் ரெண்டையும் தவறாமச் செஞ்சோம். மூணாவதை நான் டாக்டர் ரூமு வாசல்லயே விட்டுட்டு வந்துட்டேன். மாத்திரையைப் பத்தி ஆராவது கேட்டா "சத்து மாத்திரை"ன்னு சொல்லோணும்னு மகளுக்கும் சொல்லிக் குடுத்திருந்தேன்.

ஏன் இப்படிப் பண்ணேன்னு கேப்பீங்க. என்ற சித்தப்பா மகளுக்கும் இதே நோவுதானுங்க. நல்ல சம்பந்தம் ஒண்ணு நிச்சயம் வரைக்கும் வந்துச்சு. எங்க பக்கம் பொண்ணு கேக்கறவங்க சாதகத்தோட நிறுத்த மாட்டாங்க, பொண்ணு படிச்ச எடத்துல போயி விசாரிப்பாங்க. ஒரு பெரிய மனுசன் வெள்ளை வேட்டியோட வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க"ன்னு பேச்சுக் குடுப்பாரு. எங்க ஊரு மரியாதை இருக்கே, கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம அனுப்பத் தெரியாது. காப்பி குடுத்து, உக்கார வச்சு, கேக்காததையும் சேத்துச் சொல்லி அனுப்புவோம். அவ படிச்ச ஸ்கூல்ல ஒரு டீச்சர் அப்படித்தான், கெட்ட எண்ணத்துல இல்லீங்க, பாவம் பாத்துத்தான், "தங்கமான புள்ளைங்க, அப்பப்ப வலிப்பு மட்டும் வருமுங்க"ன்னு சொல்லிப்போட்டாங்க. அடுத்த வாரமே நிச்சயம் நின்னுபோச்சு. அவ அன்னைக்குச் சோறு சாப்பிடாம உக்காந்திருந்ததை நான் பக்கத்துல இருந்து பாத்தவன். என்ற மகளை அப்படி உக்கார வைக்க மாட்டேன்னு எனக்கு ஒரு வைராக்கியம்.

அதுல நான் செஞ்சது பைத்தியக்காரத்தனம்னு இப்பத் தெரியுது. அப்ப அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாப் பட்டுச்சு.

எங்க ஊடு கருமத்தம்பட்டிப் பக்கம். ஊட்டை ஒட்டியே ஷெட்டு, அதுல எட்டுத் தறி. பவர்லூம் சத்தத்துல பொறந்து வளந்தவனுங்க நாங்க. மெதுவாப் பேசத் தெரியாது. எனக்குக் கோவமும் சாஸ்தி. "உனக்கு வாயில மோட்டார் ஓடுது"ன்னு சம்சாரம் சொல்லுவா. சேத்த ரெண்டாவது வாரமே அந்த ஸ்கூலு ஆபீஸ் மேடத்துகூட நான் மல்லுக்கு நின்னுட்டேன்.

அவங்க உக்கடத்துல இருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றவங்க. தலையில முக்காடு, கழுத்துல கயிறு கட்டின கண்ணாடி. எங்க பாப்பா கிளாஸ்ல படிக்கற ஒரு பையனோட அப்பா நூல் வியாபாரின்னு கேள்விப்பட்டு, அவரு நம்பரைக் கேட்டுப் போனேன்.

"நம்பர் தர முடியாதுங்கண்ணா. உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, அவருகிட்டச் சேத்திடறேன். அவருக்கு இஷ்டம்னா கூப்பிடுவாரு"ன்னாங்க.

"ஏனுங்க மேடம், நான் என்ன திருடனா? ஒரே கிளாஸு புள்ளைகளோட அப்பனுங்க. ஒரு நம்பர் கேட்டா இத்தனை சட்டமா?"

"உங்க நம்பரை ஆராவது கேட்டாலும் இதே சட்டந்தானுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு, சிரிச்ச முகத்தோட அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. நான் ஊட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினேன். அந்த நூல் வியாபாரி பொழுது சாஞ்சதும் அவரே கூப்பிட்டாரு. அப்பவும் என் கோவம் எறங்கலை.

அடுத்த மாசம் ஒரு திங்கக்கிழமை வெடியால, ப்ரேயர்ல நின்னுட்டிருந்தவ அப்படியே விழுந்துட்டா.

போன் வந்தப்ப நான் ஷெட்டுல இருந்தேன். சத்தத்துல ஒண்ணும் கேக்காம வெளிய ஓடிவந்து கேட்டேன். வண்டியை எடுத்துட்டு எப்படிப் போய்ச் சேந்தேன்னு எனக்கே தெரியாது. ஆபீஸ் ரூமுல ஒரு பெஞ்சுல படுக்க வச்சிருந்தாங்க. சீருடையெல்லாம் மண்ணு. உதடு கிழிஞ்சு ரத்தம் காஞ்சிருந்தது. கையில ஒரு சாவிக்கொத்து. வலிப்புன்னு நெனச்ச ஆரோ ஒருத்தரு இரும்பு குடுத்திருக்காங்க. இன்னொருத்தரு நாக்கைக் கடிச்சுக்கப் போறான்னு வாய்க்குள்ள ஸ்பூனை நொழைக்கப் பாத்திருக்காங்க, அதுலதான் உதடு கிழிஞ்சது. இன்னொருத்தரு பசி மயக்கம்னு நெனச்சு, நெனவு திரும்பறதுக்குள்ள வாயில தண்ணி ஊத்தப் போயிருக்காங்க. ஆபீஸ் மேடந்தான் டம்ளரைத் தட்டி விட்டாங்களாம். அந்தத் தண்ணி உள்ள எறங்கியிருந்தா மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும்னு பின்னாடி டாக்டர் சொன்னாரு.

அப்பவும் என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "காலையில சாப்பிடாம வந்துட்டாளுங்க. அதான் மயக்கம்."

ஹெச்.எம். மேடம் என்னைத் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குள்ளமா, சத்தமே இல்லாமப் பேசறவங்க. என்னோட அட்மிஷன் பாரத்தை எடுத்து மேசை மேல வச்சாங்க. பதினேழாவது கட்டத்தை அவங்க விரல் வச்சுக் காட்டவே இல்லை. "பாப்பா மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுதுங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நான் அழுதுபோட்டேன். சித்தப்பா மகள் கதையை முழுசாச் சொன்னேன். முடிச்சதுக்கு அப்பறம் சொன்னாங்க: "உங்க பயம் ஞாயமானதுதானுங்க. அந்த டீச்சர் பண்ணினது தப்பு. ஆனா விசாரிக்க வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, தாங்கிப் புடிக்க வேண்டியவங்களுக்கும் சொல்லாம விட்டுட்டீங்களே."

நான் தலையைக் குனிஞ்சுட்டேன்.

ஆபீஸ் மேடம் ஒரு காக்கிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. மேல பேரு எழுதலை, அட்மிஷன் நம்பர் மட்டும். டாக்டர் சீட்டோட ஜெராக்ஸ் அதுக்குள்ள போகும்னாங்க. கவருக்குப் பின்னாடி கோடு போட்ட ஒரு தாளை ஒட்டியிருந்தாங்க. இதை ஆரு தொறந்தாலும், எதுக்குத் தொறந்தோம்னு எழுதிக் கையெழுத்துப் போடோணுமாம். இருக்கறது பீரோவுல, சாவி ரெண்டே பேருகிட்ட.

"ஸ்கூல் ஆப்புல எல்லாம் ஏத்துவீங்களே, அதுல?"ன்னு கேட்டேன்.

"அதுல வருகையும் மார்க்கும் வீட்டுப்பாடமும் போதுங்கண்ணா"ன்னாங்க மேடம். அப்பறம் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால வச்சாங்க. "ஆரு ஆருக்குத் தெரியலாம்னு நீங்களே எழுதுங்க."

நான் "ஒருத்தருக்கும் வேண்டாம்"னு எழுதினேன். ஹெச்.எம். படிச்சுட்டு, "அப்ப நாளைக்கு விழுந்தா ஆருங்க புடிக்கறது?"ன்னு கேட்டாங்க. அடிச்சுட்டு நாலு பேரை எழுதினேன். ஹெச்.எம்., ஆபீஸ் மேடம், கிளாஸ் டீச்சர், பி.டி. சார். அந்த நாலு பேருக்கு மேல அஞ்சாவதா ஒருத்தருக்குச் சொல்லோணும்னா என்னைக் கேட்டுட்டுத்தான்னு அவங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அந்த வாரமே டீச்சர், வேன் டிரைவர், ஆயாம்மா எல்லாத்தையும் உக்கார வச்சு ஒரு டாக்டர் வந்து சொல்லிக் குடுத்தாரு. எந்தக் குழந்தை விழுந்தாலும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கோணும், கையிலயும் வாயிலயும் ஒண்ணும் குடுக்கக் கூடாது, கடிகாரத்தைப் பாக்கோணும்னு. எந்தக் குழந்தைக்காகன்னு ஒருத்தருக்கும் சொல்லலை.

சரி, காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடப்புல? எனக்குச் சந்தேகம் தீரலை. எங்க ஊருல இந்த மாதிரி எத்தனை 'ஆருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க' பாத்திருக்கேன்! அதனால ஒரு கோமாளித்தனம் பண்ணினேன். ரெண்டு வாரம் கழிச்சு வேற நம்பர்ல இருந்து ஸ்கூலுக்குப் போன் போட்டேன். தொண்டையைக் கனைச்சு, குரலைத் தடிப்பா மாத்திக்கிட்டேன்.

"ஏனுங்க, நான் அந்தப் பாப்பாவோட மாமனுங்க, பொள்ளாச்சியில இருந்து பேசறேன். ப்ரேயர்ல விழுந்துட்டாளாமே, என்ன நோவுங்க?"

"அப்படிங்களா அண்ணா. பாப்பாவோட அப்பாகிட்டயே கேட்டுக்கங்க."

"அவன் போனை எடுக்க மாட்டேங்கறானுங்க. மனசு கெடந்து அடிச்சுக்குது. சொந்த மாமனுக்குச் சொல்லக் கூடாதுங்களா?"

"சொந்த மாமன்னா நேரா ஊட்டுக்கே போலாமுங்களே. அங்க காப்பியும் குடுப்பாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. குசும்பைப் பாருங்க! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுட்டே கண்ணைத் தொடச்சேன். சம்சாரத்துகிட்டச் சொன்னப்ப, "உங்களுக்கு வேற சோலியே இல்லையா?"ன்னு கேட்டா. ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கினோம்.

அந்தச் சமயத்துலதான் கிளாஸ் வாட்ஸப் குரூப்புல ஒரு அம்மா கேட்டாங்க, ப்ரேயர்ல விழுந்த பாப்பாவுக்கு என்னாச்சு, தொத்து வியாதி ஒண்ணும் இல்லையேன்னு. நான் ஏதோ டைப் அடிக்கறதுக்குள்ள கிளாஸ் டீச்சரோட பதில் வந்துச்சு: "எல்லாக் குழந்தைகளும் நலம். உங்கள் குழந்தையைப் பற்றி என்னிடம் கேளுங்கள். மற்ற குழந்தைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்." அவ்வளவுதான். அதுக்குக் கீழ நூல் வியாபாரி ஒரு கும்பிடு போட்டாரு. அதோட பேச்சு முடிஞ்சுது.

எட்டாங்கிளாஸ்ல ஊட்டிக்கு ரெண்டு நாள் டூர் வெச்சாங்க. நான் அனுப்ப மாட்டேன்னுட்டேன். எட்டு மணி மாத்திரையை அத்தனை புள்ளைக முன்னால எப்படிச் சாப்பிடுவா? கேக்கறவளுக்கெல்லாம் என்ன சொல்லுவா? மக அழுதா, சம்சாரம் என்கூடப் பேசலை. கடைசியில கிளாஸ் டீச்சர் போன் பண்ணி, "அனுப்புங்க சார், நான் பாத்துக்கறேன்"னாங்க. எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு திரும்பி வந்துதான் மக சொன்னா. அவளை டூருக்கு லீடர் ஆக்கிட்டாங்களாம். எட்டு மணி ஆனா எல்லாரையும் எண்ணி, டீச்சர் ரூமுக்குப் போயி ஆஜர் குடுக்கோணும். அங்க மாத்திரையும் தண்ணியும் தயாரா இருக்கும். "நாப்பத்திரெண்டு பேரு இருக்கோம் மிஸ்னு சொல்லுவேன், முழுங்குவேன், வந்துருவேன்"னா. ரெண்டு நாளும் லீடரு லீடருன்னு கூப்பிட்டாங்களாம், அந்தப் பெருமை அவளுக்கு அடங்கவே இல்லை. பெத்தவன் எனக்குத் தோணாத ரோசனை அந்த டீச்சருக்குத் தோணிச்சே!

எல்லாம் நல்லதாவே நடந்ததுன்னு சொன்னா நான் பொய்க்காரன் ஆயிருவேன். அவ ஒம்பதாங்கிளாஸ் படிக்கறப்ப ஒருநாள் மத்தியானம் ஹெச்.எம். என்னையும் சம்சாரத்தையும் வரச் சொன்னாங்க. ஆபீஸ் மேடமும் அங்க நின்னுட்டிருந்தாங்க, முகமே சரியில்லை.

"எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சுங்க"ன்னாங்க ஹெச்.எம்.

அந்த வருசம் புதுசா வந்த கிளாஸ் டீச்சர், நல்ல மனசுதான், ஆர்வக்கோளாறு. கவரைப் படிச்சிருக்காங்க. 'தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்'னு கலர் சார்ட்டுல பூப்போட்டு, அஞ்சு புள்ளைகளோட போட்டோ ஒட்டி, பக்கத்துல நோவையும் எழுதி டீச்சர்ஸ் ரூமுச் செவுத்துல மாட்டிட்டாங்க. வெடியால முதல் பெல்லுல இருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அது தொங்கியிருக்கு. ஆபீஸ் மேடம் ஏதோ சோலியா உள்ள போனவங்க பாத்துட்டுக் கிழிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. அதுக்குள்ள டீச்சர்க எல்லாரும் பாத்தாச்சு. நோட்டுக் கட்டு வைக்க வந்த ரெண்டு பொண்ணுகளும் அந்த ரூமுக்குள்ள போயிருக்காங்க.

"நாங்க சொல்லலேன்னா உங்களுக்குத் தெரியப்போறதே இல்லைங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சே ஆகோணும்"னாங்க.

நான் கத்துன கத்துல வெளிய வராந்தாவே அமைதி ஆயிருச்சு. "இதுக்குத்தானுங்க நான் இல்லைன்னு எழுதினேன்! பீரோவாம், கவராம், கையெழுத்தாம்! கடைசியில பூப்போட்டுச் செவுத்துல மாட்டிட்டீங்களே!"ன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், எழுதற மாதிரி இல்லை. அந்தப் புது டீச்சர் வந்து நின்னு மன்னிப்புக் கேட்டு அழுதாங்க. அஞ்சு குடும்பத்தையும் தனித்தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டிருக்கறதா ஹெச்.எம். சொன்னாங்க. அந்த ரெண்டு பொண்ணுககிட்டயும் அவங்களே பேசியிருந்தாங்க. நான் எதையும் காதுல வாங்கலை. நாளைக்கே டி.சி. வாங்கறேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில பின்னாடி உக்காந்திருந்த சம்சாரம் சொன்னா: "நீங்க உங்க தப்பை ஒத்துக்க அவ விழுந்து ரத்தம் வரோணும்னு இருந்துச்சு. அவங்க தப்பை அவங்களே கூப்பிட்டுச் சொல்றாங்க, ஆருக்கும் தெரியறதுக்கு முன்னால." நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். சண்டை போடலாம்னுதான் நிறுத்தினேன். ஆனா திரும்பவும் வண்டியைக் கெளப்பி ஊட்டுக்கு வந்துட்டோம். டி.சி. வாங்கலை. அந்த ரெண்டு பொண்ணுகளும் வாயைத் தொறக்கலைங்கறதை இத்தனை வருசத்துக்கு அப்பறம் நன்றியோட சொல்றேன். ஆரு பெத்த புள்ளைகளோ, நல்லா இருக்கோணும்.

மக பன்னெண்டு முடிச்சா. மாத்திரை அப்பவும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை ஸ்கூல்ல வலிப்பு வந்திருக்கு, ரெண்டு தடவையும் ஒரு கீறல்கூட இல்லை. டி.சி. வாங்கறதுக்கு நானும் அவளும் போனோம். ஆபீஸ் மேடத்துக்குக் கண்ணாடிக் கயிறு மட்டும் மாறியிருந்தது. பீரோவைத் தொறந்து அந்தக் காக்கிக் கவரை எடுத்தாங்க. மூலையெல்லாம் நைஞ்சுபோயிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆயிருச்சுங்கண்ணா. இது அவங்க பேப்பரு. அவங்ககிட்டத்தான் தரோணும்"னு சொல்லி, மககிட்ட நீட்டினாங்க. "கண்ணு, இங்க ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ. நாங்க இனி ஒண்ணும் வச்சுக்க மாட்டோம்."

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. இத்தனை வருசம் காவல் காத்தவன் நானு, என் கையில தராம! நீட்டின கையை மடக்கிக்கிட்டேன்.

மக அங்கயே பெஞ்சுல உக்காந்து கவரைத் திருப்பினா. விழுந்த அன்னைக்கு அவளைப் படுக்க வச்சிருந்த அதே பெஞ்சு. பின்னாடி ஒட்டின தாளு நெறைஞ்சு, அதுக்கு மேல இன்னொரு தாளு ஒட்டியிருந்தாங்க. ஒவ்வொரு வருசமும் கிளாஸ் டீச்சர் தொறந்த கையெழுத்து. டூருக்கு முன்னால ஒண்ணு. சார்ட் மாட்டின அன்னைக்கு, ஹெச்.எம். கையால, "எங்கள் தவறு"ன்னு ஒரு வரி. தொறந்தவங்களை மட்டுமில்ல, வந்து கேட்டவங்களையும் எழுதி வச்சிருந்தாங்க. மக ஒரு எடத்துல நிறுத்தி, சத்தமாப் படிச்சா:

"உறவினர் என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. தகவல் தரப்படவில்லை."

நான் செவுத்தைப் பாத்தேன். ஆபீஸ் மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கறதுல மும்முரமா இருந்தாங்க.

"பொள்ளாச்சி மாமன் நல்லா இருக்காருங்களா அண்ணா?"ன்னு கேட்டாங்க. ஏழு வருசம்! ஏழு வருசம் அதை மனசுல வச்சுக்கிட்டு, என் முகத்துக்கு நேரா ஒருநாள் சிரிச்சிருப்பாங்களா? மக சிரிச்ச சிரிப்புல அவளுக்குப் பொரையேறிப் போச்சு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

அப்பறம் மேல ஒட்டின தாளுல ஒரு வரியைப் படிச்சா. அது போன வருசத்து வரி. "ஒருவர் நேரில் வந்தார். சம்பந்தம் பேசுவதற்காக மாணவியைப் பற்றி விசாரித்தார். படிக்கும் பெண்ணைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டது."

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. வந்திருக்காங்க. நான் பயந்த அதே ஆளு, அதே வெள்ளை வேட்டி, இந்த ரூமுக்கே வந்திருக்காரு. எனக்குத் தெரியவே தெரியாது. "அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே"ன்னேன். அதுவரைக்கும் மேடம்னுதான் கூப்பிட்டிருக்கேன்.

"ஒண்ணும் வெளிய போகலைங்களே அண்ணா. உங்களை எதுக்குச் சும்மா பயப்படுத்தறது?"ன்னாங்க.

நான் கும்பிட்டேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. அவங்க "அட, என்னங்கண்ணா இது"ன்னு எந்திரிச்சுட்டாங்க.

அந்த நேரத்துல மக கவருக்குள்ள கையை விட்டு மத்த பேப்பரையெல்லாம் எடுத்தா. டாக்டர் சீட்டு, நான் எழுதின நாலு பேரு, அதுக்கு அடியில மடிச்சு வச்ச அட்மிஷன் பாரத்து ஜெராக்ஸு. அதுவும் அங்க இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லை. அவ பதினேழாவது கட்டத்தைப் பாத்துட்டா. நான் இழுத்த கோடு ஜெராக்ஸ்ல இன்னும் கருப்பாத் தெரிஞ்சுது.

"இது உங்க கையெழுத்துங்களாப்பா?"

"ஆமா கண்ணு."

"அப்ப அன்னைக்கு வாயில ஸ்பூனை வச்சது... அவங்களுக்குத் தெரியாததுனாலயா?"

"ஆமா."

அவ நாக்கால உதட்டுத் தழும்பைத் தொட்டுப் பாத்தா. அந்தக் காயம் ஆறின நாள்ல இருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். பேப்பரையெல்லாம் திரும்ப அடுக்கிக் கவருக்குள்ள வச்சா. வண்டியில என் பின்னாடி ஏறி உக்காந்தா. தாங்க முடியாம, கருமத்தம்பட்டி நாலு ரோட்டுல சிக்னலுக்கு நிக்கறப்ப, "அப்பா தப்புப் பண்ணிட்டேன் அம்மிணி"ன்னு முன்னால பாத்துட்டே சொன்னேன். அவ என் தோளுல கையை வச்சா. அவ்வளவுதான்.

அடுத்த மாசம் கோயமுத்தூருல காலேஜு கெடைச்சுது. ஹாஸ்டல்ல இருந்து படிக்கறேன்னா. எனக்கு இஷ்டமில்லை, ஆனா வேண்டாம்னு சொல்ல எனக்கு இனி வாய் எங்க இருக்கு? ஹாஸ்டல் பாரத்தை ஊட்டுல சாப்பிடற மேசை மேல வச்சு அவளே எழுதினா. நான் எதுத்தாப்புல உக்காந்திருந்தேன், சம்சாரம் என் பக்கத்துல. ஷெட்டுல தறி ஓடிட்டிருந்தது. பேரு, ஊரு, ரத்த வகை எல்லாம் எழுதிட்டு வந்தவ, ஒரு கட்டத்துல நிறுத்தினா. தலைகீழாத் தெரிஞ்சாலும் அது எந்தக் கட்டம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"ஆம். வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறேன்"னு எழுதினா. அதுக்குக் கீழ பாரத்துல எடமே இல்லை. ஓரத்துல பொடி எழுத்துல இன்னொரு வரியும் எழுதினா: "வார்டனுக்கும் என் அறைத் தோழிக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொள்வேன்."

அப்பறம் பாரத்தை என் பக்கம் திருப்பி, பெற்றோர் கையொப்பம்னு இருந்த எடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினா. மேசைக்கு அடியில சம்சாரம் என் காலை மிதிச்சா. நான் இந்தத் தடவை காலை நகர்த்தலை, கையெழுத்துப் போட்டேன்.